ஊசிக்குப் பயப்படாதவள்

ஜூன் 3, 2021, வியாழன்

ஜெசிந்தா மிஸ்ஸுக்கு இன்று கூகுள் மீட்டில் அஞ்சலிக் கூட்டம். தாளாளர் முதல் பத்து நிமிஷம் மைக்கைப் போடாமலே பேசினார். அவர் பேச்சிலேயே சிறந்த பகுதி அதுதான். மைக்கைப் போட்ட பிறகு, "கடைசி வாரம் வரைக்கும் விடைத்தாள் திருத்திக் கொடுத்தவர்" என்று புகழ்ந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி, இருமிக்கொண்டே விடைத்தாள் திருத்தியது பள்ளிக்குப் பெருமையாம். கூட்டம் முடிந்ததும், அதற்கு அழைப்பு வந்த அதே வாட்ஸப் குழுவில் பள்ளிக் கட்டண நினைவூட்டல் வந்தது.

ஜெசிந்தா விலங்கியல் எடுத்தாள். போன மாதம் கொரோனாவில் போனாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று.

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி கிடையாதாம். ஆராய்ச்சியில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, ஆகவே ஒன்றும் தெரியாது, ஆகவே வீட்டில் பத்திரமாக இருங்கள் என்கிறார்கள். இந்த ஏற்பாட்டைக் கொரோனாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்கு இது நான்காவது மாதம். பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன், படுக்கையறையிலிருந்து. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டிய எரிச்சல் நிறைய இருப்பதால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். போன வருஷத்தைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

ஜூன் 8, செவ்வாய்

ஈரோட்டில் இன்னும் ஊரடங்கு. நாங்கள் நான்கு பேரும் ஒரு கைக்குழந்தையும் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறோம். என் கணவர் பூபதி மட்டும் தினமும் வெளியே போகிற பாக்கியசாலி. வங்கிக்காரர். முன்களப் பணியாளர் என்று ஏப்ரலுக்குள் இரண்டு ஊசியும் போட்டு முடித்துவிட்டார். "உனக்கும் சொல்லுவாங்க, பொறுமையா இரு" என்கிறார். பொறுமை என்பது பூபதியிடம் ஒரு குணமல்ல, நோய்.

அவருடைய அம்மா, என் அத்தை தெய்வானை. வாட்ஸப்பில் வருவதெல்லாம் வேதம். பூபதியின் தங்கை ரேணுகா பிரசவத்துக்கு வந்தவள், ஊரடங்கில் இங்கேயே தங்கிவிட்டாள். கணவன் பெங்களூரில். குழந்தைக்கு மூன்று மாதம். பெயர் ரித்விக்ஷ். எண் கணிதக்காரர் கூடுதலாக ஓரெழுத்து போட்டால் கலெக்டர் ஆவான் என்றாராம். அந்தப் பெயரைச் சொல்லிப் பழகுவதற்குள் அவனுக்கு ஓய்வு பெறும் வயதாகிவிடும்.

ரேணுகாவுக்கு நாள் முழுவதும் போன்தான். பால் கொடுக்கும்போதும் ஒரு கையில் அது.

ஜூன் 15, செவ்வாய்

அத்தைக்கு இன்று ஒரு குரல் செய்தி வந்தது. யாரோ ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊசி போட்டவர்களுக்கு வம்சமே விருத்தியாகாது என்கிறார். அத்தை அதைச் சத்தமாக மூன்று முறை வைத்தார். சமையலறைக்கு ஒரு முறை, கூடத்துக்கு ஒரு முறை, என் வகுப்புக்கு ஒரு முறை.

"யாருங்க அத்தை இவரு? டாக்டரா?"

"டாக்டராட்டத்தான் பேசறாரு."

டாக்டராட்டம் பேசுவது இந்த ஊரில் ஒரு படிப்பாகிவிட்டது.

ஜூன் 23, புதன்

சுகாதார நிலையத்து நர்ஸ் போனில் கூப்பிட்டார். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் டெட்டனஸ் தடுப்பு டி.டி. ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டார். தனியாரில் போட்டுக்கொண்டேன் என்றேன். "எப்பங்க?" என்றார். வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

கொத்துமல்லி விலை ஏறிவிட்டது. அத்தை துவையலுக்கு அதற்குப் பதில் புதினாவை அரைத்து இரண்டும் ஒன்றுதான் என்றார். நாக்கையும் நம்பக்கூடாது போல.

ஜூலை 3, சனி

கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் யோசித்து, கர்ப்பிணிகளுக்கும் மூக்கும் நுரையீரலும் உண்டு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜெசிந்தாவுக்கு யாராவது தகவல் சொல்லுங்கள்.

சாப்பிடும்போது சொன்னேன். பூபதி தட்டைப் பார்த்துக்கொண்டே, "ம்ம், பாக்கலாம்" என்றார். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"அஞ்சாம் மாசத்துலயா?"

வயதானவர்களின் மூடநம்பிக்கைக்கும் நடுத்தர வயதுக்காரர்களின் கோழைத்தனத்துக்கும் நடுவில் உட்கார்ந்து ரசம் குடித்தேன்.

திங்கட்கிழமை போய்விடுவேன்.

ஜூலை 6, செவ்வாய்

திங்கட்கிழமை நல்ல மழை. நனைந்துபோய் வரிசையில் நிற்க முடியுமா?

ஜூலை 9, வெள்ளி

நேற்றுப் போகலாம் என்றிருந்தேன். காலையிலிருந்து லேசாகத் தலைவலி. தலைவலியோடு போட்டுக்கொண்டால் எது ஊசியால் வந்தது, எது தலையால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? அறிவியல் ரீதியாகவே அது சரியில்லை.

இன்று வகுப்பில் ஒரு பையன், இடி இடித்ததும் எங்கள் வீட்டு டிவி கெட்டுப்போய்விட்டது, ஒலிக்கு அவ்வளவு ஆற்றலா மிஸ் என்றான். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்துவிட்டால் முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று ஆகாது, ரெண்டுக்கும் பின்னால் மின்னல் என்று மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று விளக்கினேன். பிரமாதமாக விளக்கினேன். எனக்கே கைதட்டத் தோன்றியது.

ஜூலை 12, திங்கள்

ரேணுகா ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்!

ஏ.டி.எம். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு மே மாதமே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று அவள் கணவன் பெங்களூரிலிருந்து சொல்லியிருக்கிறான், இவள் போய்விட்டாள். ஒரு விவாதம் இல்லை, ஒரு கட்டுரை படிக்கவில்லை. சாயங்காலம் இடது கையால் குழந்தையைத் தூக்க முடியாமல் முகத்தைச் சுளித்தபோதுதான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது.

"உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன், சும்மா.

"பயந்தான் அண்ணி. அதான் யோசிக்கறதுக்கு முன்னாலயே போய்ட்டேன்."

யோசிக்காதவர்களுக்கு எல்லாமே சுலபம்.

அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ரேணுகா பால் கொடுக்கக்கூடாது. பூபதியை அனுப்பிப் பால்பவுடர் டப்பா வாங்கச் சொன்னார். பூபதி போனார், வாங்கினார், கொடுத்தார். முதுகெலும்பு என்ற ஒன்றைப் பற்றி ஜெசிந்தா நடத்திய பாடத்துக்கு இவரை அனுப்பியிருக்கலாம்.

ஜூலை 13, செவ்வாய்

நேற்று ராத்திரி முழுவதும் குழந்தை புட்டியை வாயில் வாங்கவில்லை. இன்று காலை வகுப்பில், "மிஸ், பாப்பா அழுவுது" என்று பிள்ளைகளே எழுதினார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ரேணுகா வாஷ்பேசின் மீது குனிந்து நின்று பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கட்டிப்போய் வலி தாங்கவில்லையாம். வெள்ளையாக ஓடி ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தான். அவள் அழுகிறாள் என்பது சத்தத்தில் தெரியவில்லை, தோளில்தான் தெரிந்தது.

நான் எதையும் யோசிக்கவில்லை. கூடத்துக்குப் போய் அத்தை முன்னால் கையை நீட்டினேன்.

"குழந்தையக் குடுங்க அத்தை."

"எதுக்கு?"

"பசிக்குதுங்க அவனுக்கு."

"அதுக்குத்தான் பவுடர் கலக்கி வெச்சிருக்கறனில்ல? மருந்து ஏறுன பாலக் குடுத்துப் புள்ளைக்கு என்னமாச்சும் ஆயிட்டா அவங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவங்கப்பாதான் போடச் சொன்னாரு. பாலுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அந்த ஊசியில உயிரோட கிருமியே கிடையாது. தாய்க்கு உண்டாகற எதிர்ப்புச் சத்துல கொஞ்சம் பால் வழியா இவனுக்கும் போகும். பாலை நிறுத்த வேண்டாம்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. உங்க வாட்ஸப் பெரியவர் இல்லீங்க, நெஜ டாக்டருங்க."

அத்தை குழந்தையை இறுக்கிக்கொண்டார். நான் பிடுங்கினேன் என்று எழுதினால் மிகையாகும். வாங்கினேன், கொஞ்சம் வேகமாக. ரேணுகாவின் மடியில் போட்டு, அறைக்கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டேன். உள்ளே அழுகை சட்டென்று நின்றது. பிறகு அந்த மடக் மடக் சத்தம்.

அத்தை எனக்கு நேரெதிரே நின்றார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அத்தன நல்லதுன்னா, நீ ஏன் அம்மிணி இன்னும் போடல?"

எனக்கு வகுப்பு இருந்தது.

"நான் குத்தமாச் சொல்லல கண்ணு. எனக்கும்தான். போன வருசம்..."

வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மைக்கை அணைக்காமல் போயிருந்தேன் என்று அப்போதுதான் பார்த்தேன். ஒரு பிள்ளையும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒளிவிலகலை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜூலை 14, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 16, வெள்ளி

காலையில் பூபதி வங்கிக்குக் கிளம்பாமல் நின்றார். "லீவு சொல்லிட்டேன். போலாமா?" என்றார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பையில் தண்ணீர், குளுக்கோஸ், பிஸ்கட், குடை, துண்டு. இமயமலைக்குப் போகிறவர்களிடம்கூட இவ்வளவு இருக்காது.

சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தனி வரிசை. ஏழெட்டுப் பேர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் என்னைப் பார்த்ததும், "எத்தனாவது மாசம்? டி.டி. எப்பப் போட்டீங்க?" என்றார்.

தனியாரில் போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"போடலீங்க," என்றார் பூபதி.

அவருக்குத் தெரியும். நான் தனியாரில் போட்டதாகச் சொன்னதை நர்ஸ் அவருக்கும் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். மூன்று வாரமாகத் தெரிந்தும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் பிடித்துக்கொண்டார். "டீச்சருங்கறீங்க. படிச்சவங்க நீங்களே இப்படிப் பொய் சொன்னா மத்தவங்கள நாங்க என்னன்னு கேக்கறது?" வரிசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூபதி குனிந்து, நர்ஸுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "போன வருசம் டி.டி. போட்டு மூணாவது நாள் அபார்சன் ஆயிருச்சுங்க. அஞ்சு மாசம். ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. இருந்தாலும்..."

எழுதப்போவதில்லை என்றிருந்தேன். அவர் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். அவ்வளவுதான்.

நர்ஸ் குரலை இறக்கி எங்களை டாக்டரிடம் அனுப்பினார். சின்னப் பெண். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் தூங்கி நாளாகியிருந்தன. உபதேசம் செய்வாள், திருப்பிக் கொடுக்கலாம் என்று தயாராகத்தான் போனேன்.

"அப்ப ஏன் ஆச்சுன்னு யாருக்கும் தெரியலியா மேடம்?"

"தெரியல."

"நிறையப் பேருக்குத் தெரியறதே இல்ல. டி.டி.யால ஆகாது, அது மட்டும் நிச்சயம். இந்த ஊசி கட்டாயம் கிடையாதுங்க, உங்க விருப்பந்தான். ஆனா கர்ப்பத்துல கொரோனா வந்தா மத்தவங்களவிட ரொம்ப மோசமாப் போகும். ரெண்டாவது அலையில நான் வார்டுல இருந்தேன்."

மேசை மீதிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி, எட்டு மாசம்" என்று ஆரம்பித்து, "சரி, விடுங்க. காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் போடுங்க. டி.டி. ரெண்டு வாரம் கழிச்சுப் போட்டுக்கலாம்" என்று முடித்துவிட்டாள்.

ஜெசிந்தாவை நினைத்துக்கொண்டே கையை நீட்டினேன்.

ஊசி வலிக்கவில்லை. பூபதிதான் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 17, சனி

காலையில் காய்ச்சல். எதிர்பார்த்ததுதான். மாத்திரை போட்டேன்.

பதினொரு மணி வாக்கில் கவனித்தேன், காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. போன வாரம்தான் மீன் துள்ளுவது போல லேசாக ஆரம்பித்திருந்தது. இடது பக்கம் படுத்தேன். இனிப்பாக ஏதோ குடித்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்துவிட்டால் முன்னதுதான் காரணமென்று ஆகாது. சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் சொல்வது போலவே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பூபதியைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லி. கல்யாணமானதிலிருந்து அப்படிக் கூப்பிட்டதில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மகப்பேறு டாக்டரின் கிளினிக் காரில் பக்கம்தான். சிக்னலில் நின்றோம். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன வருசம் ஊசிக்கும் நாந்தான் கூட்டிட்டுப் போனேன். உனக்கு அன்னைக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்குதுன்ன. இன்னொரு நாள் போட்டுக்கறேன்ன. வந்தது வந்துட்டோம், போட்டுட்டே போயிரலாம்னு நாந்தான் சொன்னேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தியமாக ஞாபகமே இல்லை. அவர் அதை ஒரு வருஷமாக வைத்துக்கொண்டு, "ம்ம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சிக்னல் விழுந்திருச்சு, போங்க," என்றேன்.

டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். இல்லை. கொஞ்சம் நகர்த்தினார். இல்லை. இன்னும் கீழே நகர்த்தியதும் தறி ஓடுவது போல வேகமாக, அவசரமாகச் சத்தம் வந்தது. "தூங்கியிருக்கும்மா. இந்த மாசத்துல எல்லா நேரமும் அசைவு தெரியாது. காய்ச்சல்தான் உனக்கு, குழந்தை நல்லா இருக்குது," என்றார்.

வெளியே வந்தேன். பூபதி நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டியை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் படித்தார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 18, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. மீன் துள்ளுகிறது. காலையில் அத்தை கஞ்சி கொண்டுவந்து வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "உப்பு சரியா இருக்குதா?" என்றார். உப்பே போடவில்லை. சரியாக இருக்கிறது என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

ரேணுகா கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பால் கொடுக்கிறாள். அத்தை அந்தப் பக்கம் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழந்தையின் ஏப்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்.

ஆகஸ்ட் 14, சனி

இரண்டாவது ஊசி. நடுவில் டி.டி.யும் போட்டாயிற்று. கை வலி மட்டும். ரேணுகாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போக அவள் கணவன் வந்துவிட்டான். கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கண்மையும் முகப்பவுடரும் என் தோளெல்லாம் ஒட்டிக்கொண்டன. வீடு இப்போது தேவைக்கு அதிகமாக அமைதியாக இருக்கிறது. அவனுடைய பெயரைக்கூடத் தடுக்கி விழாமல் சொல்லப் பழகியிருந்தேன்.

நவம்பர் 25, வியாழன்

திங்கட்கிழமை பெண் குழந்தை. சுகப்பிரசவம். 'சுகம்' என்று பெயர் வைத்தவன் நிச்சயம் ஆண்.

பொது வார்டில்தான் இடம் கிடைத்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நேற்றுப் பிரசவம். தடுப்பூசி போடவில்லையாம். இப்போது போட்டால் பால் கெட்டுவிடும் என்று அவள் மாமியார் சொல்கிறாராம். அத்தை இன்று காலை அந்த மாமியாரைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. என்ற மகளுக்குப் பால் குடுக்கையில போட்டுது. மருமவளுக்கு வவுத்துல இருக்கையில ரெண்டு ஊசி. நாந்தான் போடச் சொன்னேன். நீங்க ஏனுங்க பயந்துக்கறீங்க? எதிர்ப்புச் சத்துப் பால்ல போகுமுங்க. டாக்டருங்களே சொல்றாங்க."

எனக்கு வாயில் ஏழெட்டுப் பதில்கள் வரிசையில் நின்றன. எல்லாமே நல்ல பதில்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது," என்று மட்டும் சொன்னேன்.

மதியம் பூபதி சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அத்தை குழந்தையை மடியில் போட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தொட்டார். மூக்கைப் பிடித்துவிட்டால் எடுப்பாக வரும் என்ற வைத்தியமாக இருக்கும், ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"அதே மூக்கு."

"எதுங்க அத்தை?"

"போன வருசம் நர்சு என்ற கையிலதான் குடுத்தா. பூபதிகிட்டக் காட்ட வேண்டாம்னுட்டேன், அவன் தாங்க மாட்டான். நீ மயக்கத்துல இருந்த. இத்தனூண்டு. துணிய வெலக்கி ஒருக்காப் பார்த்தேன். உன்ற மூக்கு அப்படியே." துணியின் முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். "உன்கிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன். பேச்செடுத்தா நீ எந்திரிச்சுப் போயிருவ."

நான் எழுந்து போகவில்லை. தையல் போட்டிருந்தார்கள், சட்டென்று எழவும் முடியாது. ஆனால் முடிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

இந்த ஒரு வருஷத்தில் நான் யாரிடமும் கேட்காத ஒன்று இருந்தது. கேட்டேன்.

"ஆணா, பொண்ணாங்க?"

"பொண்ணு."

அத்தை குழந்தையை என் பக்கம் நீட்டினார். வாங்கிப் பாலுக்கு வைத்துக்கொண்டேன். அத்தை கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்குமே முகம் துடைக்க அந்த ஒரு துண்டுதான் இருந்தது.

சாயங்காலம் புது நர்ஸ் ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "தலப்பிரசவங்களா?" என்றாள். அத்தை வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"இல்லீங்க," என்றேன். "இவ ரெண்டாவது பொண்ணு."